படத்தைக் காட்டிப் பிள்ளையை மிரட்டுகிறார்களா? முதல் நாளில் செய்ய வேண்டியவை

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். சாதிச் சான்றிதழ், பட்டா, கரண்ட் பில், பரீட்சை ஃபீஸ் என்று நாள் ஓடும். இரண்டு மூன்று வருடமாக வேறு ஒரு கூட்டமும் வருகிறது. கடைக்கு வெளியே நிற்பார்கள். உள்ளே ஆள் குறைந்ததும் வந்து, "அண்ணே, ஆன்லைன்ல ஒரு கம்ப்ளெய்ன்ட் குடுக்கணும்" என்பார்கள். எதைப் பற்றி என்று கேட்டால் வாய் வராது.

அப்படித்தான் ஒரு பரீட்சை சமயத்தில் ஓர் அம்மாவும் பிளஸ் ஒன் படிக்கும் பையனும் வந்தார்கள். (அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் எழுதுகிறேன்.) பையனின் போன் அம்மா கையில் கவிழ்ந்து கிடந்தது. அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அது அதிர்ந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் பையனின் தோள் தூக்கிப் போட்டது. கம்மலை அடகு வைத்து 12,000 ரூபாய் அனுப்பியாகிவிட்டது. இன்னும் 20,000 கேட்கிறான், இல்லாவிட்டால் படம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகுமாம். அன்றைக்கு எனக்கும் இதில் பாதி விஷயம் தெரியாது. பிறகு ஒரு வக்கீல் நண்பரைக் கேட்டும், அந்த அம்மாவோடு ஸ்டேஷன் படி ஏறியும் தெரிந்துகொண்டதை, இந்த நிலைமையில் புதிதாக வந்து நிற்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

இவர்கள் வேலை செய்யும் விதம்

இதைச் செக்ஸ்டார்ஷன் என்கிறார்கள். அந்தரங்கப் படமோ வீடியோவோ கையில் இருக்கிறது என்று சொல்லி மிரட்டிப் பறிப்பது. பறிப்பது பணமாக இருக்கலாம், இன்னும் படங்களாகவும் இருக்கலாம். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பிறகு சொல்கிறேன்.

பணத்துக்காகச் செய்பவர்கள் பெரும்பாலும் பையன்களைத்தான் குறி வைக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் ஒரு பெண் பெயரில் ஃபாலோ ரிக்வெஸ்ட் வரும். பார்த்தால் பையனின் நண்பர்கள் நாலு பேர் ஏற்கெனவே அந்தக் கணக்கோடு இணைந்திருப்பார்கள். தெரிந்த பெண் போலிருக்கிறது என்று பையன் ஏற்றுக்கொள்வான். ஏற்ற அடுத்த நிமிடமே அந்தப் பக்கம் அவனுடைய ஃபாலோவர் பட்டியல் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுவார்கள். அத்தை மகன், டியூஷன் சார், கிளாஸ் பெண்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள். அப்புறம் பேச்சு வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ மாறும். "நான் அனுப்பினேனே, நீ அனுப்பமாட்டியா" என்று வரும். அல்லது வீடியோ கால் வரும். எடுத்தால் அந்தப் பக்கம் ஓடுவது ஏற்கெனவே பதிவு செய்து வைத்த வீடியோ, இந்தப் பக்கம் பையனின் முகம் ரெக்கார்டு ஆகிக்கொண்டிருக்கும். அதன் பிறகு கொஞ்சலெல்லாம் கிடையாது. படமும் ஃபாலோவர் பட்டியலும் சேர்ந்து ஒன்றாக வந்து விழும், கீழே ஒரு கியூஆர் கோடு.

எல்லாமே சில மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. இதன் வேகம் புரிய ஒரு வழக்கைச் சொல்லலாம். 2022 மார்ச்சில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 17 வயது மாணவன் ஒருவனை இப்படி மிரட்டினார்கள். அவன் 300 டாலர் அனுப்பினான். இன்னும் வேண்டும் என்றார்கள். மிரட்டல் தொடங்கிய ஆறு மணி நேரத்துக்குள் அவன் உயிரோடு இல்லை. அந்தப் பக்கம் பேசியவர்கள் நைஜீரியாவின் லாகோஸில் இருந்த இரண்டு சகோதரர்கள். அவர்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் 2024 செப்டம்பரில் ஆளுக்குப் பதினேழரை வருடம் சிறை கொடுத்தார்கள். நம் நாட்டில் இந்த மாதிரி வீடியோ கால் கும்பல்களைத் தேடிப் பல மாநிலப் போலீஸும் போய் நிற்கும் இடங்களில் ஒன்று, ராஜஸ்தான், ஹரியானா, உத்தரப் பிரதேச எல்லைகள் சேரும் மேவாத் பகுதி.

படங்களுக்காக மிரட்டுவது வேறு ரகம். இதில் மாட்டுவது அதிகமும் பெண் குழந்தைகள். மிரட்டுபவன் பெரும்பாலும் முகம் தெரிந்தவனாக இருக்கிறான்: பழைய காதலன், சீனியர், ஆன்லைன் கேமில் மாதக்கணக்காகப் பழகியவன். ஒரு படத்தைக் காட்டி அடுத்த படம், அதைக் காட்டி நேரில் வா என்பது. இதில் காசு பேச்சே வராது. அதனாலேயே வீட்டில் யாருக்கும் மாதக்கணக்கில் தெரியாமல் போகும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பிள்ளை எதையுமே அனுப்பியிருக்காது. டிபியில் இருந்த புடவை கட்டிய படத்தை எடுத்து, ஏதோ ஒரு ஆப்பில் போட்டு நிர்வாணப் படமாக மாற்றியிருப்பார்கள். "இது நான் இல்லப்பா" என்று பிள்ளை அழும். பிள்ளை சொல்வது உண்மையாக இருக்கலாம் என்று எடுத்த எடுப்பில் நினைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் இதற்கும் இடம் இருக்கிறது.

முதல் வேலை வீட்டுக்குள்

"உன்னை யார் அனுப்பச் சொன்னது?" என்ற கேள்வியை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். கேட்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்றைக்கு வேண்டாம். மிரட்டுபவனின் முழு முதலீடும் "வீட்டுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான்" என்ற பிள்ளையின் பயம்தான். நீங்கள் கத்தினால் அவன் சொன்னது சரிதான் என்று ஆகிவிடும்.

அந்த அம்மா எங்கள் கடையில் உட்கார்ந்து ஒரே ஒரு காரியம் செய்தார். பையனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "சரி விடு, பாத்துக்கலாம்" என்றார். அதற்குப் பிறகுதான் அவன் இரண்டாவது நம்பர் ஒன்று இருப்பதையே சொன்னான். பிள்ளைகள் முதல் தடவை பாதியைத்தான் சொல்வார்கள். எவ்வளவு அனுப்பினார்கள், எத்தனை படம், எத்தனை கணக்கு என்பதெல்லாம் மெதுவாக வரும்.

அன்றைய இரவு பிள்ளையைத் தனியாகப் படுக்க விடாதீர்கள். மற்ற எந்தப் படியைத் தவறவிட்டாலும் மறுநாள் சரிசெய்துகொள்ளலாம், இதை முடியாது. பிள்ளையின் பேச்சு பயமாக இருந்தால் டெலி மானஸ் எண் 14416-க்குக் கூப்பிடுங்கள். அது மத்திய அரசின் மனநல உதவி எண், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. உடனடி ஆபத்து என்றால் 112.

பணம் கொடுக்காதீர்கள், கொடுத்துவிட்டால்

ஒரு தடவை கொடுத்தவர் இன்னொரு தடவையும் கொடுப்பார் என்பது அவர்களுக்குக் கிடைத்த தகவல், அவ்வளவுதான். பணம் வந்ததும் அழிக்கிறேன் என்று எடுத்துக் காட்டும் வீடியோவெல்லாம் நாடகம். அழித்தது ஒரு பிரதியாக இருக்கும். என்னிடம் வந்தவர்களில் ஒரு முறை மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிட்டான் என்று சொன்னவர் யாரும் இல்லை.

கொடுக்கமாட்டேன் என்று சவால் விடவும் வேண்டாம். "உன்னைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கறேன் பாரு" என்று அப்பா ஒருவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். பத்து நிமிடத்தில் அந்தக் கணக்கே காணோம், ஆதாரமும் அதோடு போயிற்று. பதில் போடாமல் இருப்பதுதான் நல்லது.

ஏற்கெனவே பணம் போயிருந்தால் இப்போதே 1930-க்குப் போன் செய்யுங்கள். இது இணையப் பண மோசடிக்கான தேசிய எண். நீங்கள் சொல்லும் விவரத்தை வங்கிகளுக்கு உடனே அனுப்பி, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள். காலையில் போன பணத்துக்குச் சாயங்காலம் கூப்பிட்டால் பெரும்பாலும் அது நாலு கணக்கு மாறி ஏடிஎம்மில் எடுக்கப்பட்டிருக்கும். கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியது: எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணி, அப்புறம் அந்தப் பரிவர்த்தனைக்கு வங்கி கொடுக்கும் பன்னிரண்டு இலக்க அடையாள எண், அதாவது யூடிஆர் எண். ஜிபேயிலோ போன்பேயிலோ அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் உள்ளே இருக்கும். நிறையப் பேர் அதை விட்டுவிட்டு ஆப் காட்டும் வேறொரு நீள எண்ணைப் படித்துச் சொல்கிறார்கள்.

ஆதாரம் எடுக்கும் விதம்

பிள்ளைகள் முதலில் செய்வது சாட்டை அழிப்பது. வெட்கம்தான் காரணம். அழிப்பதற்கு முன் உங்களிடம் வந்திருந்தால் அதிர்ஷ்டம்.

மிரட்டும் வரிகள் ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி. கணக்கின் பெயரை மட்டும் குறித்தால் போதாது, அதை அவர்கள் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள். புரொஃபைலுக்குள் போய், அதன் லிங்கைக் காப்பி செய்து வேறு இடத்தில் ஒட்டி வையுங்கள். வாட்ஸ்அப் என்றால் நாட்டுக் குறியீட்டோடு முழு எண். பணம் கேட்ட யூபிஐ ஐடி, கியூஆர் படம், வங்கிக் கணக்கு எண். தானாக மறையும் மெசேஜ் என்றால் இன்னொரு போனால் அந்தத் திரையைப் படம் பிடியுங்கள். எல்லாவற்றையும் நேர வரிசைப்படி ஒரு தாளில் எழுதினால் ஸ்டேஷனில் பாதி வேலை குறையும். "9-ம் தேதி இரவு 8.40, ரிக்வெஸ்ட் வந்தது" என்று இந்த மாதிரி.

ஒன்றே ஒன்றை எடுக்க வேண்டாம்: அந்தப் படத்தை. இதில்தான் நல்ல எண்ணத்தில் தப்பு செய்கிறார்கள். மாமாவுக்கு ஃபார்வர்டு செய்வது, "என்ன பண்றதுன்னு பாருங்க" என்று வக்கீலுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது, என்னிடம் வந்து கலர் பிரிண்ட் கேட்பது. நான் போடமாட்டேன். 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் ஆபாசப் படத்தைப் பரப்பினால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 15-வது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு. சட்டம் சொல்லும் முறையில் புகார் செய்யவும், நீதிமன்றத்தில் ஆதாரமாகவும் மட்டுமே விலக்கு. வெறுமனே வைத்திருந்தால் குற்றமில்லை என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்துவிட்டது. அழிக்காமல், புகாரும் செய்யாமல் வைத்திருப்பதுகூட, பகிரும் நோக்கம் தெரிந்தால், குற்றத்தில் வரும். 'குழந்தை ஆபாசப்படம்' என்ற சொல்லையே நீதிமன்றங்கள் பயன்படுத்தக் கூடாது, அது குழந்தை மீது நடந்த கொடுமையின் பதிவு என்றும் அந்தத் தீர்ப்பில் சொன்னார்கள்.

ஆகவே படம் பிள்ளையின் போனில், வந்த இடத்திலேயே இருக்கட்டும். போலீஸ் போனைப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள்.

எல்லாம் எடுத்து முடித்த பிறகு அந்தக் கணக்கை ஆப்பிலேயே ரிப்போர்ட் செய்யுங்கள், அப்புறம் ப்ளாக். இந்த வரிசை மாறக் கூடாது. வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்யும்போது, ப்ளாக் செய்து சாட்டையும் அழிக்கவா என்று ஒரு டிக் கட்டம் வரும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். இரண்டு குடும்பம் அந்த டிக்கால் முழுச் சாட்டையும் இழந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

படம் பரவாமல் தடுக்க

பிள்ளை ராத்திரி தூங்காமல் யோசிப்பது இதைத்தான். போலீஸ், கோர்ட் எல்லாம் அப்புறம். படம் வெளியே வருமா வராதா?

டேக் இட் டவுன் என்று ஓர் இலவசச் சேவை 2023 பிப்ரவரி முதல் இருக்கிறது. காணாமல் போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் நடத்துகிறது. எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம், பெயர் கொடுக்க வேண்டியதில்லை, பிள்ளையே செய்துகொள்ளலாம். படத்தை நாம் எங்கேயும் அனுப்புவதில்லை. போனில் இருக்கும் படத்தைக் காட்டினால் அதிலிருந்து கைரேகை மாதிரி ஓர் எண் வரிசையைப் போனுக்குள்ளேயே உருவாக்கி, அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் போன்ற தளங்கள் அந்த எண்ணுக்குப் பொருந்தும் படம் தங்களிடம் ஏறினால் பிடித்து நீக்கும். வாட்ஸ்அப்புக்குள் ஆளுக்கு ஆள் போகிற படத்தை இது பிடிக்காது. அந்த அளவு தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் ஏமாற்றம் இல்லை. 18 வயது முடிந்தவர்களுக்கு இதே போல ஸ்டாப் என்சிஐஐ என்ற தளம் இருக்கிறது.

படம் ஏற்கெனவே ஒரு தளத்தில் ஏறிவிட்டால், அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். இந்தியாவில் இயங்கும் தளங்கள் அப்படி ஓர் அலுவலரை வைத்திருக்க வேண்டும். 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில், நிர்வாணப் படம் பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறொருவரோ புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று வைத்தார்கள், 2026 பிப்ரவரியில் அதை இரண்டு மணி நேரமாகக் குறைத்தார்கள். மாற்றி உருவாக்கிய போலிப் படத்துக்கும் அது பொருந்தும். பதிவின் லிங்கை மட்டும் கொடுத்தால் போதும், படத்தை இணைக்க வேண்டாம்.

புகார்

மூன்று வாசல் இருக்கிறது. போனில் 1930, இணையத்தில் மத்திய உள்துறையின் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளம் (சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்), நேரில் காவல் நிலையம். பணம் போயிருந்தால் 1930-ல் தொடங்குங்கள். போகவில்லை என்றால் நேரே தளத்துக்கோ நிலையத்துக்கோ போகலாம்.

தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றத்துக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அதற்குள் பெயர் சொல்லாமல் புகார் கொடுக்கும் வழியும், பெயர், எண் கொடுத்துத் தொடர்ந்து பார்க்கும் வழியும் இரண்டும் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நடப்பது உங்களுக்குத் தெரிந்து, அந்த வீட்டார் வாய் திறக்கவில்லை என்றால் முதல் வழி உதவும். உங்கள் சொந்தப் பிள்ளை என்றால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். பெயர் இல்லாத புகாரில் போலீஸ் உங்களைத் திரும்பக் கூப்பிடவே முடியாது. முடிந்ததும் வரும் ஒப்புகை எண்ணை எழுதி வையுங்கள்.

நேரில் போவதென்றால் எந்த நிலையம் என்று தயங்க வேண்டாம். மாவட்டத்துக்கு ஒரு சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. போக்சோ வழக்குகளை நம்மூரில் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையம் பார்க்கும், பையனாக இருந்தாலும். "இது எங்க லிமிட் இல்லையே" என்றால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவைச் சொல்லுங்கள். சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது அது. எஃப்ஐஆர் நகல் இலவசம். மின்னஞ்சல் மாதிரி மின்னணு வழியில் தகவல் கொடுத்திருந்தால் மூன்று நாளைக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பதிவே செய்யமாட்டேன் என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட். போக்சோவின் 21-வது பிரிவு, தகவலைப் பதிவு செய்யாமல் விடுபவருக்கும் ஆறு மாதம் வரை சிறை என்கிறது. இதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிச் சண்டைக்குப் போகாதீர்கள். பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போக மனசு வரவில்லை என்றால், கூட்டிப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. போக்சோ 24-வது பிரிவின்படி குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோதான் எடுக்க வேண்டும். முடிந்தவரை சப் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அலுவலர் எடுக்க வேண்டும், சீருடை போடக் கூடாது. இரவில் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. அம்மாவோ அப்பாவோ, குழந்தை நம்பும் வேறு யாரோ கூட இருக்கலாம். பெயர், வீடு, பள்ளிக்கூடம், ஊர் என்று அடையாளம் காட்டும் எதையும் பத்திரிகையும் டிவியும் வெளியிடக் கூடாது. விசாரணை மூடிய அறையில்தான். தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். வழக்கு முடியும் வரை கூடவே வர உதவி நபர் ஒருவரை அந்தக் குழுவிடம் கேட்டுப் பெறலாம். நிறையப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

எந்தச் சட்டம், எந்தப் பிரிவு

வக்கீல் இல்லாமல் புகார் எழுதலாம். பிரிவு எண் போட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் தெரிந்திருந்தால், "இதெல்லாம் சின்ன விஷயம்மா, நம்பரை மாத்திடுங்க" என்று சொல்பவரிடம் பேச வசதி.

மிரட்டிப் பறித்தல் என்ற குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவில் இருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 383, 384. ஒருவரை ஏதாவது தீங்கு வரும் என்று பயமுறுத்தி, அந்தப் பயத்தால் பணமோ பொருளோ கொடுக்க வைப்பது. தீங்கு என்றால் அடி உதை மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். உடல், மனம், நற்பெயர், சொத்து நான்கில் எதற்கு வரும் கேடும் தீங்குதான் என்று சட்டமே விளக்கம் தருகிறது. 1860-ல் எழுதிய பழைய சட்டத்தில் இந்தக் குற்றத்துக்குக் கொடுத்த முதல் உதாரணமே, பணம் தராவிட்டால் உன்னைப் பற்றி அவதூறு வெளியிடுவேன் என்று ஒருவன் மிரட்டிப் பணம் வாங்குவதுதான். போன் வருவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்த குற்றம். புதிய சட்டத்தில் மின்னணுக் கருவி வழியாக மெசேஜ் அனுப்பி மிரட்டும் உதாரணத்தையும் சேர்த்திருக்கிறார்கள். தண்டனை முன்பு மூன்று வருடம் வரை இருந்தது, இப்போது ஏழு வருடம் வரை.

"பணம் கொடுக்கவே இல்லையே, அப்புறம் என்ன கேஸ்?" என்று ஒருவர் கேட்டார். பறிப்பதற்காகப் பயமுறுத்துவதும், பயமுறுத்த முயல்வதும் 308-ன் மூன்றாவது உட்பிரிவில் தனியாகவே குற்றம், இரண்டு வருடம் வரை. கொடுக்காமல் புகார் செய்தவரின் கேஸ் அதனால் பலவீனம் ஆகாது. பெயரை மறைத்து மிரட்டினால் குற்ற மிரட்டலுக்கான 351-வது பிரிவில் கூடுதலாக இரண்டு வருடம் வரை உண்டு.

308 பணம், பொருள் பறிப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. இன்னொரு படம் அனுப்பு என்பவனை அதில் பிடிப்பது கஷ்டம். அங்கேதான் போக்சோ வருகிறது. குழந்தையின் உடலின் எந்தப் பகுதியையாவது, அல்லது குழந்தை பாலியல் செயலில் இருப்பதைக் காட்டும் படத்தை, உண்மையானதோ உருவாக்கியதோ, ஊடகத்தில் பயன்படுத்துவேன் என்று பாலியல் நோக்கத்தோடு மிரட்டுவதே பாலியல் தொல்லை என்கிறது 11-வது பிரிவு. பணம் கேட்க வேண்டியதில்லை, படம் வெளியே வர வேண்டியதில்லை, மிரட்டினாலே போதும், மூன்று வருடம் வரை. உருவாக்கிய படம் என்ற சொல்லை 2012-லேயே எழுதி வைத்தார்கள். இன்றைக்கு ஆப்பில் செய்யும் போலிப் படத்துக்கு அது அப்படியே பொருந்துகிறது. ஆபாசப் படத்துக்காகக் குழந்தையைப் பயன்படுத்துவதற்கு 14-வது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் தடவையே குறைந்தது ஐந்து வருடம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு தனி: ஐந்து வருடம் வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். பாலியல் நோக்கத்தோடு குழந்தையை ஆன்லைன் பழக்கத்துக்கு இழுப்பதையே அது குற்றமாக்குகிறது.

இவை எல்லாவற்றிலும் குழந்தை என்றால் 18 வயது நிரம்பாதவர். ஆண், பெண் பேதம் கிடையாது. "அவளேதான் அனுப்பினா" என்பது எதிராளிக்குத் தப்பிக்கும் வழி ஆகாது, அந்த வயதில் சம்மதம் என்ற ஒன்றைப் போக்சோ ஏற்பதில்லை. வெளிநாட்டிலிருந்து செய்தாலும், இந்தியாவில் உள்ள கணினியையோ போனையோ குறி வைத்திருந்தால் நம் சட்டம் பொருந்தும். ஆளைக் கொண்டுவருவது வேறு கதை, வருடக்கணக்கு ஆகலாம்.

மிரட்டுபவனும் 18-க்குக் கீழே இருந்தால்? கிளாஸ்மேட் செய்வது அபூர்வம் இல்லை. அப்போது வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளலாம் என்று ஊரில் சொல்வார்கள். போக்சோ குற்றம் நடந்தது தெரிந்த யாரும் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது 19-வது பிரிவு. தலைமையாசிரியருக்கும் அது பொருந்தும், புகார் டைப் அடிக்கும் எனக்கும் பொருந்தும். நான் இதை வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். சிலர் எழுந்து போக நினைப்பார்கள். இதுவரை யாரும் போகவில்லை.

இரண்டாவது அலை

நம்பரை ப்ளாக் செய்த இரண்டாம் நாள் இன்னொரு போன் வரும். "டெல்லி சைபர் கிரைம்லேர்ந்து பேசறோம், உங்க பையன் மேல அந்தப் பொண்ணு புகார் குடுத்திருக்கா, தற்கொலை பண்ணிக்கிட்டா" என்று இந்தியும் இங்கிலீஷும் கலந்து. வாட்ஸ்அப் டிபியில் போலீஸ் சீருடை. அதே கும்பல்தான். போலீஸ் வீடியோ கால் போட்டுக் கைது செய்வதில்லை, கேஸை முடிக்க யூபிஐயில் பணம் கேட்பதும் இல்லை. பெரிய குற்ற வழக்கில் மாட்டிவிடுவேன் என்று பயமுறுத்திப் பறிப்பதற்கு அதே 308-ல் பத்து வருடம் வரை தண்டனை உண்டு. அந்த எண்ணையும் புகாரில் சேருங்கள்.

இன்னொரு கூட்டம், படத்தை அழித்துத் தருகிறோம் என்று ஃபீஸ் கேட்கும். இன்ஸ்டாகிராமில் விளம்பரமே போடுகிறார்கள். அவர்களால் முடிவது உங்கள் பணத்தை வாங்குவது மட்டும்தான்.

போனைக் கொடுப்பதற்கு முன்

ஸ்டேஷனில் போனை வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆய்வகத்துக்குப் போனால் திரும்ப வர மாதக்கணக்கு ஆகும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. *#06# போட்டால் வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது ரசீது கேளுங்கள். அந்தப் போன் நம்பரில்தான் ஆதாரும் வங்கியும் இருக்கிறது என்றால், சிம்மை என்ன செய்வது என்று அப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஃபேக்டரி ரீசெட் செய்து கொடுத்துவிடாதீர்கள். சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று ஒரு அப்பா அப்படிச் செய்துவிட்டு வந்தார்.

அந்த அம்மா எஃப்ஐஆரில் கையெழுத்துப் போடும்போது அழவில்லை. போனைக் கவரில் போட்டு ஒட்டுவதைப் பார்த்ததும்தான் கண் கலங்கியது. "அண்ணே, பாடம் பூரா அதுலதானே இருக்கு, திங்கக்கிழமை கெமிஸ்ட்ரி" என்றார். கடைக்குத் திரும்பி வந்தோம். பையனின் கிளாஸ் குரூப்பில் இருந்த இன்னொரு பையனைக் கூப்பிட்டு நோட்ஸ் பிடிஎஃப் எல்லாவற்றையும் என் கடை எண்ணுக்கு அனுப்பச் சொன்னேன். நூற்றுப் பதினெட்டுப் பக்கம். பிரிண்டர் ஓடி முடிக்கும் வரை அவன் பக்கத்திலேயே நின்று, வரும் தாளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.